எங்கள் அப்பாவின் வாழ்க்கையை எழுதிச் சேர்த்தபோது

எங்கள் அப்பா மணப்பாறையில் 1972 முதல் 2006 வரை ஒரு சிறிய அச்சகம் நடத்தினார். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்கள் குறைவு. பெரும்பாலோருக்கு அவர் பிரஸ்காரர், அம்மா பிரஸ்காரம்மா, நானும் தம்பியும் பிரஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, மாட்டுச் சந்தைத் தரகர்களுக்கு ரசீதுப் புத்தகம், முறுக்குப் பொட்டலங்களுக்கு லேபிள், வேப்பிலை மாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு நோட்டீஸ், யாராவது இறந்துவிட்டால் கறுப்புக் கட்டம் போட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவைதாம் அவர் அச்சிட்டவை. அவர் பதவி எதுவும் வகித்ததில்லை, மேடை ஏறியதில்லை, செய்தித்தாளில் அவர் பெயர் வந்ததும் இல்லை. அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை அவர் மறைந்தபின் பிள்ளைகள் உட்கார்ந்து எழுத முயன்றால் என்னென்ன கிடைக்கும், என்னென்ன கிடைக்காமல் போகும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

2022-இல் அவர் காலமானபோது பதினாறாம் நாள் காரியத்துக்கான பத்திரிகை வாசகத்தை உறவினர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அன்பே உருவானவர், பண்பின் சிகரம், ஏழைகளின் தோழர் என்று அது தொடங்கியது. எனக்கு அந்த வரிகள் மனப்பாடம். கண்ணீர் அஞ்சலிக்கான இந்த மேட்டரை, அதாவது கோத்து வைத்த அச்செழுத்து வரிகளை, அப்பா கலைக்காமல் கயிறு கட்டி ஒரு பலகையில் எப்போதும் தயாராக வைத்திருந்தார். யார் இறந்தாலும் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிப் பூட்டி அச்சிட்டுவிடுவார்கள். ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்திய வாசகம் அவருக்கும் பொருந்தியது என்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி எந்தச் செய்தியும் அதில் இருக்காது. ஆகவே பதினாறாம் நாளுக்கு அந்த வாசகத்தையே அச்சிட்டு முடித்துவிட்டு, முதலாண்டுத் திதிக்குள் விவரங்கள் மட்டும் கொண்ட ஒரு சிறு புத்தகத்தைத் தயாரிப்பது என்று தம்பியும் நானும் பேசி முடிவு செய்தோம்.

எழுத உட்கார்ந்தபோதுதான் பிள்ளைகளுக்குத் தந்தையைப் பற்றித் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பது புலப்பட்டது. வீட்டுக்குள் இருந்த அப்பாவை நாங்கள் அறிவோம்: மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாடையுடன் இரவு வீடு திரும்பி, கொல்லையில் நின்று நகக்கண்களைத் தேய்த்துக் கழுவுபவர், சாப்பிடும்போது பேசாதவர், பள்ளி மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பவர். இவற்றை எழுதினால் இரண்டு பக்கம் நிறைந்தது. காலை எட்டு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அவர் வாழ்ந்த வாழ்க்கையோ அச்சகத்தில் வேலை பார்த்தவர்களிடமும், வாடிக்கையாளர்களிடமும், கடன் கொடுத்தவர்களிடமும், வாங்கியவர்களிடமும் சிதறிக் கிடந்தது. குடும்பத்தினர் மட்டும் கூடி எழுதும் நினைவு மலர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். எல்லா வீட்டிலும் தந்தை வீடு திரும்பிய பிறகுள்ள மூன்று மணி நேரம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

மனிதர்களைத் தேடிப் போகும் முன் காகிதங்களைப் பார்த்துவிடுவது நல்லது. எங்களுக்கு வாய்த்த பெரிய செல்வம் அப்பாவின் ஆர்டர் நோட்டுகள். தேதி, பெயர், ஊர், வேலை, எண்ணிக்கை, காகிதத்தின் அளவு, பேசிய தொகை, முன்பணம், பாக்கி என்று அவர் கோடு போட்டுப் பூர்த்தி செய்த அந்த நோட்டுகளில் பத்தாண்டுக்கும் மேலான கணக்கு மிஞ்சியிருந்தது. முதலில் அவற்றை எடைக்குப் போடலாம் என்றே வீட்டில் பேச்சு இருந்தது. பொறுமையாகப் படித்தபோது ஓர் ஆண்டின் ஓட்டம் தெரிந்தது: தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்குப் பல வரிகள், ஆடியிலும் மார்கழியிலும் பக்கம் காலி, அந்தக் காலி மாதங்களில் பள்ளிகளுக்குக் கேள்வித்தாள், கூட்டுறவுச் சங்கத்துக்குப் படிவம். புதன்கிழமைச் சந்தை கூடும் ஊரானதால் செவ்வாய்க்கிழமை மாலைகளில் ரசீதுப் புத்தகங்கள் கைமாறியிருந்தன. பாக்கித் தொகைக்கு எதிரே சில இடங்களில் தொகை வந்ததற்கான குறிப்பு எதுவும் இல்லாமல் ‘சரி’ என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்கு என்ன பொருள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு அச்சகத்தில் எழுத்துக் கோத்த கம்போசிட்டர் மாமாதான், மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துவிட்டுப் பணம் கட்ட முடியாதவர்களின் கணக்கை அப்பா முடித்த விதம் அது என்று சொன்னார். ‘ஏழைகளின் தோழர்’ என்ற தொடரால் சொல்ல முடியாததை அந்த ஒற்றைச் சொல் தேதியோடு சொன்னது. கணக்கு நோட்டு, வங்கிப் புத்தகம், துண்டுச் சீட்டு, அடகுச் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம் எதையும் மறைந்தவரின் அறையை ஒழுங்குபடுத்தும் வேகத்தில் யாரும் எறிந்துவிடக் கூடாது.

அடுத்ததாக, தேதிகளை உறுதிப்படுத்தும் வேலை. இதில் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. அப்பாவின் பள்ளி இறுதிச் சான்றிதழில் பிறந்த நாள் 1946 ஜூன் முதல் தேதி என்று இருக்கிறது. அவருடைய சாதகத்திலோ விய வருடம், மாசி மாதம் என்று இருக்கிறது. பள்ளியில் சேர்க்க வயது போதாத பிள்ளைகளுக்கு ஆசிரியரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வது அந்தக் காலத்தில் எங்கும் நடந்ததுதான். ஆகவே சாதகத்தை நம்பினோம். தமிழ் வருடங்கள் 60 ஆண்டுச் சுழற்சி என்பதால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கில ஆண்டைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பிரபவ முதலாவது வருடம். அது 1927 சித்திரையிலும், மறுபடி 1987 சித்திரையிலும் தொடங்கியது. விய இருபதாவது வருடம் என்பதால் 1927-உடன் 19-ஐக் கூட்ட 1946 கிடைக்கும். ஆனால் தை முதல் பங்குனி வரையிலான மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதை மறந்துவிடக் கூடாது. மார்கழியின் பின்பாதியும் அப்படியே. ஆக, அப்பா பிறந்தது 1947-இன் தொடக்கத்தில். பெற்றோரின் கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலத் தேதி சிதைந்து போய், ஆனந்த வருடம் ஆவணி என்பது மட்டும் தெரிந்தது. ஆனந்த நாற்பத்தெட்டாவது வருடம், 1974. பழைய பத்திரிகைகளையும் கிரயப் பத்திரங்களையும் வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அச்சகம் தொடங்கிய ஆண்டைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். அதைத் தீர்த்து வைத்தது ஒரு மங்கிய நகல். அச்சகம் வைத்திருப்பவர் இன்ன இடத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன் என்று மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் விதித்திருந்தது. அப்பா கொடுத்த உறுதிமொழியின் நகலில் 1972 என்று இருந்தது. 1969-இல் வங்கிகள் நாட்டுடைமையான பிறகு சிறு தொழில்களுக்குக் கடன் கிடைப்பது முன்னைவிட எளிதாகியிருந்தது. காலால் மிதித்தும் ஓட்டக்கூடிய பழைய டிரெடில் மெஷின் ஒன்றை வாங்க அவருக்குக் கிடைத்த வங்கிக் கடனின் தேதியும் அதோடு ஒத்துப்போனது. ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஏதேனும் ஓர் உரிமம், பதிவு, சங்க உறுப்பினர் அட்டை இருக்கும். மனிதர்களின் நினைவைவிட அவை உறுதியானவை.

அதற்காக மனிதர்களின் நினைவைக் குறைத்து மதிப்பிடுவதாக ஆகாது. அவர்களிடம் ஆண்டைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். ‘எப்போது வேலைக்குச் சேர்ந்தீர்கள்’ என்று கேட்டபோது கம்போசிட்டர் மாமா விழித்தார். ‘திருச்சியில் வெள்ளம் வந்தபோது பிரஸ்ஸில் இருந்தீர்களா’ என்று கேட்டவுடன், அப்பா திருச்சியிலிருந்து வாங்கி வர வேண்டிய காகிதம் கடைக்காரரின் கிடங்கிலேயே நனைந்து போனதையும், அதனால் ஒரு கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் காகிதத்துக்குப் பதிலாக இளஞ்சிவப்பில் அடித்ததையும், பெண் வீட்டார் சண்டைக்கு வந்ததையும் வரிசையாகச் சொன்னார். அந்த வெள்ளம் 1977 நவம்பரில் வந்தது. நெருக்கடி நிலை, எம்.ஜி.ஆர். மறைவு, சுனாமி, ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாமற்போனது என்று நாட்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு கேட்டால் வீட்டு நிகழ்ச்சிகள் தானாக வந்து அவற்றின் பக்கத்தில் நின்றுகொள்கின்றன.

கம்போசிட்டர் மாமாவிடம் கிடைத்தவை எங்கள் புத்தகத்தின் முக்கியமான பகுதி. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது, அதுவரை தனி வடிவத்தில் எழுதப்பட்டு வந்த 13 எழுத்துகள் மாறின. ணா, றா, னா போன்றவை சாதாரணக் கால் குறியையும் (ா), ணை, லை, ளை, னை ஆகியவை மற்ற எழுத்துகளைப் போலவே ஐகாரக் குறியையும் பெற்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது எளிதான மாற்றம். அச்சகத்திலோ கேஸ் எனப்படும் எழுத்துப் பெட்டியில் அந்தந்த அறையில் நிரப்பி வைத்திருந்த பழைய எழுத்துகள் வேலையற்றுப் போயின. பார்க்காமலே எழுத்தெடுத்துப் பழகிய கை வெகு நாள் பழைய அறைக்கே போய்க்கொண்டிருந்தது என்றார் மாமா. அரசு வேலைகளைப் புதிய எழுத்திலும், கல்யாணப் பத்திரிகைகளைப் பெரியவர்களின் விருப்பப்படி பழைய எழுத்திலும் அடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் அப்பா பழைய எழுத்துகளை உடனே உருக்கக் கொடுக்கவில்லை. ஒரே மேட்டரில் இரண்டு வகையும் கலந்துவிட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வருமாம். நாங்கள் பார்த்திராத கோபம் அது.

இன்னொன்றையும் மாமா சொன்னார். தேர்தல் நேரங்களில் எதிரணி வேட்பாளரைத் தாக்கும் பெயரில்லாத நோட்டீஸுகளை இரவோடு இரவாக அடித்துக் கொடுத்தால் இரு மடங்கு கூலி கிடைக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவரிடம் இரு சாட்சிகள் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் அச்சகத்தார் வாங்கி, அச்சிட்ட படியுடன் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அப்பா அந்தப் படிவத்தை எடுத்து வந்தவரின் முன் வைப்பார். வந்தவர் பேசாமல் எழுந்து போய்விடுவார். ‘வேண்டாம்’ என்ற சொல்லையே பயன்படுத்தாமல் வேண்டாதவரை அனுப்பும் இந்த முறை அவருக்கு எல்லா விஷயங்களிலும் இருந்தது என்பது அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வந்த ஒரு வரனைக் கூட அவர் அப்படித்தான் திருப்பி அனுப்பினார். என்ன படிவத்தை முன்னால் வைத்தார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

பேட்டி எடுப்பது பற்றிச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். வயதில் மூத்தவரிடமும் உடல்நலம் குன்றியவரிடமும் முதலில் போக வேண்டும். வசதியாக இருக்கிறது என்று அருகில் இருப்பவரிடம் முதலில் போகக் கூடாது. அப்பாவின் பால்ய நண்பர் ஒருவரை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருந்தபோது அவர் காலமாகிவிட்டார். அதனால் அப்பாவின் பதினைந்து வயதுக்கு முந்தைய வாழ்க்கை எங்கள் புத்தகத்தில் ஒரு பத்திக்கு மேல் இல்லை. கைப்பேசியில் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியைப் பேசுபவருக்கு நெருக்கமாக ஒரு துணியின் மீது வைத்தால் குரல் தெளிவாக இருக்கும். பதிவு செய்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குவது மரியாதை மட்டும் அன்று. பின்னால் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்ற பேச்சு எழாமல் அது காக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், ‘அப்பா எப்படிப்பட்டவர்’ என்று கேட்காமல் இருப்பது. அந்தக் கேள்விக்கு நல்லவர், தங்கமானவர் என்ற இரண்டு விடைகள்தாம் உண்டு. கையில் ஒரு பொருளைக் கொண்டுபோய்க் காட்டினால் பேச்சு வேறு விதமாகப் போகும். நான் ஒரு பழைய நம்பரிங் மெஷினைக் கொண்டுபோனேன். ரசீதுகளுக்கு வரிசை எண் போடும் அந்தச் சிறிய இரும்புப் பெட்டியைப் பார்த்ததும் முன்னாள் மெஷின்மேன் அண்ணன், எண் ஒன்று தவறி இரு ரசீதுகளுக்கு ஒரே எண் விழுந்ததையும், அப்பா அந்தச் சந்தைத் தரகரின் வீட்டுக்கே சைக்கிளில் போய் மொத்தப் புத்தகங்களையும் திரும்ப வாங்கி வந்து வேறு அடித்துக் கொடுத்ததையும் சொன்னார்.

அம்மாவிடம் பேசியது வேறு வகை. வரவேற்பறையில் உட்கார வைத்துக் கேட்டால் அவர் அப்பாவின் பெருமையை மட்டுமே பேசினார். அதுவும் யாராவது உறவினர் உடன் இருந்தால் அதையும் சுருக்கிக்கொண்டார். நானும் அவருமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டால் கணக்கு வழக்கெல்லாம் வந்தது. கட்டிங் மெஷின் வாங்க அவருடைய வளையல்கள் அடகு போனதும், அவற்றை மீட்டு வர ஆன காலமும், இரவு பத்து மணிக்கு மேல் பில் புத்தகங்களை மடித்து, தைத்து, பசை தடவியது அவரும் பாட்டியும்தான் என்பதும் அப்படித்தான் தெரிந்தன. அந்தக் கூலியைக் கணக்கு நோட்டில் தேடினேன். பைண்டிங் என்ற தலைப்பில் வெளியாள்களுக்குக் கொடுத்த தொகை மட்டும் இருந்தது, அம்மாவின் வேலைக்கு ஒரு வரியும் இல்லை. ஒரு குடும்பத் தலைவரின் வாழ்க்கையை எழுதுகிறோம் என்று தொடங்கி, அவர் தனி ஆளாக ஓர் அச்சகத்தை நிலைநிறுத்தினார் என்று முடித்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். ஆகவே அம்மாவுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினோம். தன்னைப் பற்றி எழுத வேண்டாம் என்று அவர் இரண்டு நாள் கோபித்துக்கொண்டார். பிறகு பசை காய்ச்சும் பக்குவத்தைத் தவறாக எழுதியிருக்கிறாய் என்று அவரே திருத்தினார். மைதாவுடன் சிறிது மயில்துத்தம் சேர்க்காவிட்டால் பூச்சி அரிக்கும் என்பதை நான் விட்டுவிட்டிருந்தேனாம்.

எங்களுக்கு மிகவும் சங்கடமாக இருந்தது சித்தப்பா விஷயம். அச்சகத்தின் தொடக்கத்தில் அவரும் உடன் இருந்தார்; 1980-களின் நடுவில் பிரிந்து போனார்; பல ஆண்டுகள் இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பாகம் குறித்து அப்பா தரப்பில் ஒரு நியாயமும் அவர் தரப்பில் ஒரு நியாயமும் இருந்தன. இதை அறவே விட்டுவிடலாம் என்றான் தம்பி. விட்டுவிட்டால் அந்த ஆண்டுகளில் அப்பா ஏன் கடனில் இருந்தார், ஏன் என் படிப்பைத் திருச்சிக் கல்லூரியிலிருந்து உள்ளூர்த் தட்டச்சு வகுப்புக்கு மாற்ற நினைத்தார் என்பவையெல்லாம் விளங்காமல் போகும். முடிவில் இவ்வளவு எழுதினோம்: இன்ன ஆண்டு தொழில் பிரிந்தது, மெஷின் அப்பாவுக்கும் ரொக்கம் சித்தப்பாவுக்கும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள், இரு வீடும் பேசிக்கொள்ளாமல் இருந்து 1998-இல் பாட்டி இறந்தபோது மறுபடி சேர்ந்தன. யார் மேல் தவறு என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தைச் சித்தப்பாவுக்கே எடுத்துச்சென்று படித்துக் காட்டினோம். அவர் ஒரு தேதியை மட்டும் மாற்றச் சொன்னார். குடும்பச் சண்டைகளை எழுதுபவர்களுக்கு என் கருத்து இதுதான்: நடந்ததையும் அதன் விளைவையும் எழுதலாம், எண்ணத்தை ஊகித்து எழுதக் கூடாது, உயிரோடு இருப்பவர் ஒருவரைப் பற்றிய பகுதியை அவர் பார்க்காமல் அச்சிடக் கூடாது.

புகைப்படங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தன. அவற்றிலும் அப்பா இருந்தவை சொற்பம். ஊரில் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்ட தலைமுறை அது. இருந்தவற்றை ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுக்காமல் ஆல்பத்தோடு ஸ்கேன் செய்தோம், ஏனெனில் பசையோடு ஒட்டிய பழைய படங்களைப் பிரித்தால் மேற்பூச்சு உரிந்துவிடும். படத்தின் பின்புறம் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறும். கும்பலாக எடுத்த படங்களில் முகங்களுக்கு எண் போட்ட ஒரு நகலை வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் அடையாளம் கேட்டோம். ரசீதுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: அண்மைக் கால வங்கி, மருத்துவமனைச் சீட்டுகள் வெப்பத்தாளில் அச்சிடப்படுவதால் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும்; அவற்றை உடனே படமெடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா 1975-இல் ஈய எழுத்தில் அச்சிட்ட நோட்டீஸில் எழுத்து இன்னும் கறுப்பாகவே நிற்கிறது.

இந்தத் தேடலின் இடையில் சட்டச் சான்றிதழ்களுக்கான வேலையும் நடந்துகொண்டிருந்தது. இறப்பை 21 நாள்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம் என்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் தரும் வசதி. அதைத் தவறவிடாமல் செய்துவிட்டோம். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோதுதான், ஊரார் பெயர்களில் ஒற்றெழுத்து பிசகாமல் பார்த்துக்கொண்ட அப்பாவின் சொந்தப் பெயர் ஆதார், வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம் மூன்றிலும் மூன்று விதமாக, ஓரிடத்தில் முன்னெழுத்தும் மாறி இருப்பது தெரிந்தது. அதைச் சரிக்கட்ட உறுதிமொழிப் பத்திரம், அலைச்சல், மாதக்கணக்கில் காத்திருப்பு. வயதான பெற்றோர் உள்ளவர்கள் இப்போதே எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பிப் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். அவர்களே கையெழுத்திட முடிகிற காலத்தில் இது எளிய வேலை. பெற்றோரிடம் கதை கேட்பதற்கும் அது நல்ல வேளை என்பதைச் சேர்த்துச் சொல்லலாம், ஒவ்வொரு ஆவணத்துக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

அச்சகத்தின் கடைசிக் காலத்தை எழுதுவது எளிதாக இருந்தது, நாங்களே பார்த்தது என்பதால். 1990-களில் கணினித் தட்டச்சும் ஆப்செட்டும் வந்த பிறகு வேலை குறைந்தது. பல வண்ணப் பத்திரிகைகள் சிவகாசியிலிருந்து அட்டைகளாக வந்து இறங்கின. அப்பா அவற்றில் பெயர் மட்டும் அச்சிட்டுக் கொடுத்தார். 2006-இல் ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த அந்த எழுத்துகளைக் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டார். அந்த நாளைப் பற்றி உருக்கமாக எழுத வேண்டும் என்று தம்பி விரும்பினான். ஆனால் அன்று மாலை அப்பா வந்த தொகையை எண்ணி, மெஷின்மேன் அண்ணனுக்கும் கம்போசிட்டர் மாமாவுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதியில் கூரை ஒழுக்கைச் சரிசெய்தார் என்பதே நடந்தது. அப்படியே எழுதினோம். அதன் பின்னும் சில ஆண்டுகள் திருச்சி அச்சகங்களுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்தார். 2016-இல் ஊருக்கு அருகே மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் அட்டை ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, காகிதத்துக்காக ரயிலேறித் திருச்சிக்குப் போய் ரீமைத் தோளில் சுமந்து வந்தவர், ‘முப்பது வருஷம் பிந்தி வந்திருக்கிறது’ என்று சொல்லிச் சிரித்தார்.

புத்தகம் 64 பக்கத்தில் முடிந்தது. முதல் வரைவில் இருந்த பெயரடைகளை அடுத்த வரைவில் ஒவ்வொன்றாக நீக்கி, நீக்கிய இடத்தில் ஒரு தேதியோ தொகையோ யாராவது சொன்ன வாக்கியமோ வைக்க முடிகிறதா என்று பார்த்தோம். முடியாத இடங்களில் வாக்கியத்தையே எடுத்துவிட்டோம். பிறர் சொன்னதை அவரவர் பேச்சிலேயே விட்டோம். யார் சொன்ன செய்தி என்பதை அந்தந்த இடத்திலேயே குறித்தோம், ஏனெனில் இரண்டு பேர் முரண்படும்போது வாசிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பின்னால் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, படிப்பவர்கள் தமக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுக்கும்படி கேட்டிருந்தோம். அச்சுச் செலவு கூடும் என்று பலர் தடுத்தார்கள்; செய்ததிலேயே உருப்படியான காரியம் அது என்று இப்போது தோன்றுகிறது. திதி முடிந்த சில வாரங்களில் எழுதப்பட்ட படிகள் திரும்பி வரத் தொடங்கின. அவற்றில் ஒன்றில், எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24 அன்று மின்சாரமும் கறுப்பு மையும் தீர்ந்துபோக, காலால் மிதித்து ஓட்டியே அப்பா நீல மையில் அஞ்சலிச் சுவரொட்டி அடித்துக் கொடுத்ததை ஒருவர் எழுதியிருந்தார். எங்களுக்கு அது புதிய செய்தி.

அப்பா ஒவ்வொரு வேலையிலும் ஒரு படியைக் கம்பியில் குத்தி வைத்திருந்ததால் எங்களிடம் ஏராளமான கல்யாணப் பத்திரிகைகளும் நோட்டீஸுகளும் சேர்ந்திருக்கின்றன. அவை எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் நூல் சேகரிப்போடு அழைப்பிதழ்களையும் துண்டு நோட்டீஸுகளையும் சேர்த்து வைத்தவர். அவர் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அது போன்ற இடத்துக்குக் கொடுக்கும் எண்ணத்தில் தம்பி இப்போது அவற்றை ஊர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் அடுக்கிக்கொண்டிருக்கிறான். தமிழ் வருடப் பெயர் மட்டும் உள்ளவற்றுக்கு ஆங்கில ஆண்டைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துத் தருவது என் பங்கு. தமது பெற்றோரின் பத்திரிகை எங்களிடம் இருக்குமா என்று கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து சிலர் வருகிறார்கள். இருந்தால் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டில் அப்பா அச்சிட்டது வேறு ஏதேனும் இருக்கிறதா என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.